மதகு தேர்ந்தெடுக்கும் மீன்

எண்ணூருக்கு வடக்கே, ஒரு பக்கம் வங்கக் கடலும் மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றின் கழியுமாகச் சூழ, மணல் திட்டாக நீண்டு கிடக்கிறது காட்டுப்பள்ளி. இன்று துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்துவிட்ட இப்பகுதியின் பழைய தொழில் மீன்பிடிப்பு. மடவை, கொடுவா, கிழங்கான், இறால், நண்டு ஆகியவை இக்கழியின் செல்வம். கோடையில் கழி நீரின் வெப்பநிலை 30 பாகை செல்சியசை எட்டிவிடும். அந்நீரில் டிரவுட் என்னும் குளிர்நாட்டு மீனைக் கொண்டுவந்து விட்டால் அது ஒரு பொழுதுகூடத் தாங்காது.

வெயிலில் காட்டுப்பள்ளியை விஞ்சும் இடம் ஒன்று அமெரிக்காவில் உள்ளது. அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் லீஸ் ஃபெரி என்னும் படகுத்துறைதான் அது. கோடையில் அங்கு நிழலிலேயே வெப்பம் 40 பாகையைத் தொடும். சுற்றிலும் செம்பாறைகள், மரம் காண்பது அரிது. ஆனால் ஆற்றில் இறங்கி நிற்பவர்களோ, மார்பளவு நீர்புகா உடை அணிந்திருந்தும் கால் மரத்துப்போய் நடுங்குகிறார்கள். அவர்கள் தூண்டிலோடு காத்திருப்பது டிரவுட் மீனுக்காக!

பாலைவனத்து ஆற்றில் பனிமலை மீன் எப்படி வந்தது? நம் கழியில் ஒரு பொழுது தாங்காத அதே மீன், இதே தமிழ்நாட்டில், நீலகிரியில் நூறாண்டுகளுக்கு மேலாக எப்படி வாழ்கிறது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிச் சென்றால் நாம் மறுபடி கொசஸ்தலையாற்றுக்கே வந்து சேர்வோம்.

சேமித்து வைத்த குளிர்காலம்

லீஸ் ஃபெரிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் மேலே கிளென் கேன்யன் அணை நிற்கிறது. உயரம் 216 மீட்டர். 1963 மார்ச் மாதத்தில் இதில் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் கொலராடோ வேறோர் ஆறாக இருந்தது. அப்பெயரே ஸ்பானிய மொழியில் ‘செந்நிறம் கொண்டது’ என்று பொருள்படும். வண்டலைச் சுமந்து செம்மண் குழம்பாக ஓடிய அந்த ஆற்றின் நீர், குளிர்காலத்தில் உறைநிலையை நெருங்கும். கோடையில் 27 பாகை வரை ஏறும். அந்தக் கலங்கலுக்கும் வெள்ளத்துக்கும் வெப்ப மாற்றத்துக்கும் பழகிய மீன்கள் மட்டுமே அதில் வாழ்ந்தன. டிரவுட்டுக்கு அங்கே இடமில்லை.

அணை என்ன செய்தது? கிணற்றில் குதித்து நீந்தியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேல் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். கால் இறங்க இறங்கச் சில்லிடும். நீர் 4 பாகையில்தான் மிகவும் கனமாக இருக்கிறது. அதைவிடச் சூடான நீர் லேசானது; ஆதலால் மிதக்கிறது. கோடை வெயில் ஏரியின் மேற்பரப்பைச் சூடாக்குகிறது. சூடான அடுக்கு ஒரு மூடிபோல் மேலே நின்றுவிட, அடியிலுள்ள குளிர்ந்த நீர் அப்படியே கிடக்கிறது. கிளென் கேன்யனில் மின்நிலையத்துக்கு நீர் எடுக்கும் வாய்கள், ஏரி நிறைந்திருக்கும்போது நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 70 மீட்டர் கீழே இருக்கும். ஆகவே சுழலிகளை ஓட்டிவிட்டு வெளியே வந்த நீர் ஆண்டு முழுவதும் 8 முதல் 10 பாகையில் ஓடலாயிற்று. மேலே பாலைவனம் கொதிக்க, கீழே ஆறு சில்லென்று ஓடியது.

இங்கே ஒன்றை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். அணை குளிரை உண்டாக்குவதில்லை. ராக்கி மலைகளில் உருகிய பனி நீரையும் குளிர்காலத்து நீரையும் அது ஆழத்தில் சேமித்து வைக்கிறது. கோடையில் எடுத்துக் கொடுக்கிறது. சேமிக்கக் குளிர்காலம் இருக்க வேண்டும். சேமித்து வைக்க ஆழமும் இருக்க வேண்டும். மேட்டூர் அணையின் அடிமதகைத் திறந்தால் காவிரியில் டிரவுட் வாழுமா என்று ஒரு மாணவர் கேட்கலாம். வாழாது. நம் சமவெளியில் மார்கழிப் பனியும் தண்ணீரை அந்த அளவுக்குக் குளிரச் செய்வதில்லை.

வண்டலும் அணையின் பின்னால் தங்கிவிட்டது. செங்குழம்பாக ஓடிய ஆறு கண்ணாடிபோல் தெளிந்து பச்சை நிறம் பெற்றது. வெயில் அடிக்கற்களைத் தொட்டது. கற்களில் பாசி படர்ந்தது. 1964இல் அரிசோனா அரசின் மீன்வளத் துறையினர் வானவில் டிரவுட் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டனர். அவற்றுக்கு இரையாக இறாலைப் போன்ற சிறு நன்னீர் உயிர்களையும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டனர். கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத சின்னஞ்சிறு ஈக்கள் தாமாகவே பெருகின. சில ஆண்டுகளிலேயே அந்தப் பள்ளத்தாக்கு, டிரவுட் பிடிப்போர் தேடிவரும் புகழ்பெற்ற இடமாகிவிட்டது.

இறகும் நூலும்

டிரவுட்டை அங்கே மண்புழு கோத்துப் பிடிப்பதில்லை. செயற்கை ஈயைக் காட்டிப் பிடிக்கிறார்கள். சிறிய தூண்டில் முள்ளின்மேல் நூலும் இறகும் உரோமமும் சுற்றி, நீரில் விழுந்த பூச்சியின் தோற்றத்தைக் கொண்டுவருவார்கள். லீஸ் ஃபெரியில் உண்மையான ஈக்களே மிகச் சிறியவையாதலால், முள்ளும் அரிசி மணி அளவுக்கு மேல் இருப்பதில்லை. இவ்வளவு லேசான பொருளைத் தொலைவில் எறிவது எப்படி? நம் தூண்டிலில் ஈயக் குண்டின் எடை நரம்பை இழுத்துச் செல்கிறது. இம்முறையிலோ எடை நரம்பிலேயே இருக்கிறது. கனமான நரம்பைச் சாட்டைபோல் முன்னும் பின்னும் வீசி விடுவார்கள். ஈ அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு போய் நீரின்மேல் ஓசையின்றி அமரும்.

இது புதிய கலையன்று. மக்கெதோனிய நாட்டு ஆறொன்றில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டிய முள்ளால் மீன் பிடித்ததை, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் வாழ்ந்த ஏலியன் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். இதில் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்து இறகுகளில் மெழுகுத் துளிபோல் மின்னும் புள்ளிகள் உண்டு. செயற்கை ஈ கட்டும் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் அவ்விறகை விரும்பி வாங்கினார்கள். காட்டுக்கோழிகள் குறையத் தொடங்கவே, 1960களின் இறுதியில் இந்திய அரசு அவ்விறகின் ஏற்றுமதியைத் தடை செய்தது. டிரவுட் மேற்கிலிருந்து நம் மலைக்கு வந்தது. அதைப் பிடிக்கும் இறகு நம் மலையிலிருந்து மேற்கே போயிற்று.

பனிக்கட்டியில் ஒரு பயணம்

நீலகிரியின் கதை அணைகளுக்கு நூறு ஆண்டு முன்பே தொடங்குகிறது. உதகமண்டலத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் அங்கு எல்லாவற்றையும் தங்கள் ஊரைப் போல ஆக்க முயன்றனர். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, ரோஜா என எல்லாம் வந்தன. ஓடைகளைப் பார்த்தபோது டிரவுட் இல்லையே என்ற ஏக்கம் அவர்களுக்கு வந்தது. மலையின் மேல்தளம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் ஓடுகிறது. டிரவுட்டுக்குப் பிடித்தமான 10 முதல் 16 பாகை அங்கே எளிதில் கிடைக்கிறது.

இந்த வெப்பநிலை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். மீனுக்குச் சூடு இரண்டு வழிகளில் பகையாகிறது. ஒரு லிட்டர் நன்னீர் 10 பாகையில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் தங்கும். அதே நேரத்தில், மீனின் உடல் சூடேற ஏற அதற்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறினால் குடும்பம் என்னாகும்? 20 பாகையைத் தாண்டியதும் டிரவுட் சோர்கிறது. 25 பாகையை ஒட்டி அதன் உயிருக்கே ஆபத்து வருகிறது.

மலையில் மீன் வாழும். ஆனால் மலைக்கு வருவது எப்படி? உயிருள்ள மீனைக் கப்பலில் கொண்டுவருவது இயலாது. முட்டையைத்தான் கொண்டுவர வேண்டும். அங்கேயும் வெப்பநிலையே ஆட்சி செய்கிறது. பழுப்பு டிரவுட்டின் முட்டை 10 பாகையில் ஏறத்தாழ ஆறு வாரத்தில் பொரிந்துவிடும். 2 பாகையில் வைத்தால் ஐந்து மாதம்வரை பொரியாமல் கிடக்கும். பனிக்கட்டி முட்டைக்குக் கடிவாளம் போட்டது எனலாம். கப்பல் மூன்று மாதம் ஓடினாலும் குஞ்சு வெளிவராது.

இதைச் செய்து காட்டியது ஆஸ்திரேலியாவை ஒட்டிய டாஸ்மேனியாத் தீவுக்குச் சென்ற பயணம். முந்தைய மூன்று முயற்சிகளில் முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1864 ஜனவரியில் லண்டனிலிருந்து புறப்பட்ட நார்ஃபோக் என்னும் கப்பலில், சிறு மரப்பெட்டிகளில் ஈரப் பாசியின் நடுவே முட்டைகளை அடுக்கி, மேலே பனிக்கட்டியைக் குவித்து அனுப்பினார் ஜேம்ஸ் யூல் என்பவர். கப்பல் வெப்ப மண்டலத்தைக் கடந்து ஏப்ரலில் மெல்போர்னை அடைந்தபோது முட்டைகளில் ஒரு பகுதி உயிரோடு இருந்தது. பெட்டிகளில் பெரும்பாலானவை சால்மன் முட்டைகள். டிரவுட் முட்டைகள் ஏதோ கூடச் சேர்த்து அனுப்பப்பட்டவை. சால்மன் அங்கு நிலைக்கவில்லை. கூட வந்த டிரவுட் நிலைத்துவிட்டது!

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னை மாகாணத்திலும் முயற்சி நடந்தது. முயன்றவர் பிரான்சிஸ் டே. சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். இந்திய மீன்களைப் பற்றி இவர் பின்னர் எழுதிய பெருநூலை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். 1863இல் நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர இவர் செய்த முதல் முயற்சி தோற்றது. அடுத்த முயற்சிகளும் பலிக்கவில்லை. அக்காலத்தின் போக்குவரத்தை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல்தான். அக்காலச் சென்னைக்குப் பனிக்கட்டியே அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்தது. அதை வைக்கக் கட்டிய கட்டடத்தால்தான் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. இராயபுரத்திலிருந்து 1856இல் ஓடத் தொடங்கிய ரயில் பாதை மலையடிவாரமான மேட்டுப்பாளையத்தை எட்ட 1873 ஆயிற்று. மலையேறிக் குன்னூரை அடைய 1899 ஆயிற்று. டே முயன்ற காலத்தில், கடலில் தப்பிய முட்டையும் சமவெளியில் மாட்டுவண்டிப் பயணத்தில் வெந்துபோகும்.

வழி திறந்தது வேறு பக்கத்திலிருந்து. இலங்கையின் நுவரெலியாவில் 1880களிலேயே டிரவுட் முட்டைகள் பொரிக்கப்பட்டன. காஷ்மீரில் 1900ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து முட்டைகள் வெற்றி தந்தன. அதன் பிறகுதான் நீலகிரியில் எச். சி. வில்சன் என்னும் மீன் வளர்ப்பு வல்லுநர் பணியைத் தொடங்கினார். அவர் தேர்ந்தெடுத்தது பழுப்பு டிரவுட்டை அன்று. கலிபோர்னிய ஓடைகளிலிருந்து உலகெங்கும் பரவியிருந்த வானவில் டிரவுட்டை. அது சற்றுக் கூடுதலான சூட்டையும் தாங்கும், விரைந்து வளரும். அருகிலிருந்த இலங்கையிலிருந்து அது வந்தது. பின்னர் ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்தும் வந்தது. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இம்முறை மீன் நிலைத்துவிட்டது. ஓடைகளில் தானே முட்டையிட்டுப் பெருகியது.

அதே 1907இல்தான் சென்னை மாகாணத்தின் மீன்வளப் பணிக்கு ஃபிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் அமைப்பு ஏற்பட்டது. உப்பிட்டும் பதப்படுத்தியும் மீனைக் கெடாமல் காப்பது எப்படி என்று அவர் முதன்முதலில் சோதனை நடத்திய இடங்களுள் ஒன்று நம் எண்ணூர். ஒரே காலத்தில், மலையில் துரைமார்களின் பொழுதுபோக்குக்கான மீன் வளர்ந்தது. கரையில் ஏழையின் உணவுக்கான மீன் ஆராயப்பட்டது.

யாருடைய ஓடை?

நீலகிரியில் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் 1879லேயே தனிச் சட்டம் இருந்தது. அனுமதிச் சீட்டு வாங்கியவரே தூண்டில் போடலாம். இத்தகைய கட்டுப்பாட்டால் மீன் அழியாமல் காக்கப்பட்டது உண்மை. எனினும் மலையில் வழிவழியாக வாழ்ந்த மக்களைக் கேட்டா அச்சட்டம் எழுதப்பட்டது? இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்று காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் உண்டு. அங்கு ‘பாடு’ என்ற முறையில், எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலையிடுவது என்பதை மீனவர்களே முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அரசுச் சீட்டும் பாடும் இரண்டுமே மீனைக் காக்கும் வழிகள்தாம். யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

விடுதலைக்குப் பின் நீலகிரியின் ஓடைகளே உருமாறின. முன்பே பைக்காரா மின்திட்டத்துக்காக முக்குருத்தி அணை கட்டப்பட்டிருந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு குந்தா திட்டம் எழுந்தது. 1960களில் அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி, போர்த்திமந்து ஆகிய நீர்த்தேக்கங்கள் நிரம்பின. ஓடையில் வாழ்ந்த டிரவுட் இப்போது ஏரியிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில் ஓடை ஏறிச் செல்கிறது. லீஸ் ஃபெரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே அணை வந்ததால் மீன் வந்தது. இங்கே மீன் இருந்த இடத்துக்கு அணை வந்தது. அணைக்குக் கீழே, சுரங்க வழியாகவும் குழாய் வழியாகவும் மின்நிலையங்களைத் தாண்டிப் பவானிக்கு இறங்கும் நீர் மலையடிவாரத்தை அடையுமுன் சூடேறிவிடுகிறது. டிரவுட்டின் நாடு அத்தோடு முடிகிறது.

கணக்கின் மறுபக்கம்

ஒரு மீன் வந்தது என்று எழுதும்போது, எந்த மீன் போயிற்று என்றும் எழுத வேண்டும். விளையாட்டு மீன்பிடிப்பைப் பற்றிய நூல்கள் பலவற்றில் இந்தப் பக்கம் காலியாகவே இருக்கிறது.

கொலராடோ ஆற்றில் ஆறடி வரை வளர்ந்த பெரிய கெண்டைச் சாதி மீன் ஒன்று உண்டு. கொலராடோ பைக்மின்னோ என்பது அதன் பெயர். பெரும் பள்ளத்தாக்கிலிருந்து அது மறைந்துவிட்டது. முதுகில் திமில்போன்ற மேடுள்ள கூன்முதுகுச் சப் என்னும் மீன் 1967இல் அழிவுக்கு இலக்கான உயிராக அறிவிக்கப்பட்டது. இவற்றின் முட்டைகள் பொரியக் கோடை வெதுவெதுப்பு வேண்டும். டிரவுட்டுக்கு இன்பமான குளிர் இவற்றுக்குச் சாவு. போதாக்குறைக்கு, இவற்றின் குஞ்சுகளை டிரவுட் தின்றது. எனவே 2003 முதல் 2006 வரை, சப் மீன் மிஞ்சியிருந்த பகுதியில் அரசே ஏறத்தாழ 19,000 வானவில் டிரவுட்டுகளைப் பிடித்து அகற்றியது. விட்டவர்களே பிடித்து அழிக்க நேர்ந்தது! அந்தப் பள்ளத்தாக்கைப் புனிதமாகக் கருதும் சூனி என்னும் பழங்குடியினர், அங்கே இவ்வாறு உயிர்களைக் கொன்று குவிப்பதை எதிர்த்தார்கள்.

பின்னர் இன்னொரு திருப்பம் ஏற்பட்டது. நெடிய வறட்சியால் அணைக்குப் பின்னுள்ள பவல் ஏரி வற்றத் தொடங்கியது. நீர்மட்டம் இறங்க இறங்க, மேலிருந்த சூடான அடுக்கு நீர் எடுக்கும் வாயை நெருங்கியது. 2022 கோடையில் அணையிலிருந்து வெளிவந்த நீர் 20 பாகையைத் தாண்டிற்று. அதில் ஆக்சிஜனும் குறைந்திருந்தது. டிரவுட் தவித்தது. சப் மீனுக்காவது நல்ல காலம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஏரியின் மேல்நீரில் வாழ்ந்த பாஸ் என்னும் வேற்றிடத்துக் கொன்றுண்ணி மீன் சுழலிகளின் வழியே தப்பிக் கீழே வந்துவிட்டது.

நீலகிரியில் இவ்வளவு விரிவான கணக்கு எடுக்கப்படவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஓடைகளில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் சிறு அயிரை இன மீன்கள் உண்டு. அவற்றுள் ஒரு பேரினத்துக்குப் பவானியாற்றின் பெயரால் ‘பவானியா’ என்றே பெயர். விரல் நீளமே உள்ள அத்தகைய மீன்களும் தவளைக் குஞ்சுகளும் டிரவுட்டின் வாய்க்கு எளிய இரை. கலிபோர்னியாவின் மலை ஏரிகளில் டிரவுட்டை விட்டதால் அங்குள்ள மஞ்சள்கால் தவளைகள் பெரிதும் அழிந்தன என்பது ஆராய்ந்து மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. வேறெங்கும் இல்லாத தவளை இனங்கள் பல வாழும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இதை அலட்சியம் செய்வதற்கில்லை.

கொசஸ்தலையாற்றில்

இப்போது கடற்கரைக்கு வருவோம். கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. சென்னை நகரத் தந்தையாக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அதன் முழு ஆழம் 35 அடி. கிளென் கேன்யன் அணையின் உயரத்தோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு. இந்த ஆழத்தில் வெயிலும் காற்றும் அடிவரை எட்டிவிடும். குளிர்காலத்தைச் சேமிக்க வழியில்லை. ஆகவே பூண்டி ஆற்றின் வெப்பநிலையை மாற்றவில்லை. அது மாற்றியது வேறொன்றை: ஆற்றில் ஓடும் நன்னீரின் அளவை. தாமரைப்பாக்கம் தடுப்பணை 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பங்கைச் சோழவரத்துக்குத் திருப்பிவிட்டது. பூண்டி மற்றொரு பங்கை எடுத்துக்கொண்டது. வடகிழக்குப் பருவமழையில் உபரி நீரைத் திறக்கும் நாள்களைத் தவிர, முகத்துவாரத்துக்கு வந்துசேரும் நன்னீர் மிகக் குறைவு.

கழி என்பது கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் மடி. பல வகை இறால்கள் கடலில் முட்டையிட்டாலும், குஞ்சுகள் கழிக்குள் வந்து வளர்ந்துதான் திரும்புகின்றன. மழைக்காலத்தில் உப்பு குறைவதும் கோடையில் கூடுவதும் அவற்றின் நாள்காட்டி. மேலே மதகு மூடியிருந்தால் அந்த நாள்காட்டி குழம்புகிறது. நன்னீரின் அழுத்தம் குறைந்ததும், நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதும் சேர்ந்து, மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளிலும் கடல் உப்பு புகுந்தது. இதில் ஒரு விந்தை உண்டு. சென்னையின் தாகத்துக்காக மேலே ஆற்று நீரைத் தடுத்தோம். அதே சென்னையின் தாகத்துக்காக அதே ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் தொடங்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.

வெப்பநிலையை மாற்றும் வேலையை இங்கே அனல்மின் நிலையங்கள் செய்கின்றன. நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும் பகுதி குளிர்விக்கும் நீரோடு வெளியேறுகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் மின்சாரம் தருகிறது. அங்கு குளிர்விப்புக்குப் பயன்பட்டுச் சூடேறிய நீர் கால்வாய் வழியே எண்ணூர்க் கழியைச் சேர்கிறது. புதிய கடலோர நிலையங்களில் வெளிவிடும் நீர், எடுத்த நீரைவிட 7 பாகைக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது விதி.

7 பாகை என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். 10 பாகை நீரில் வாழும் டிரவுட்டுக்கு 7 பாகை கூடினாலும் 17தான் ஆகும்; அது பிழைத்துக்கொள்ளும். வெப்ப மண்டலத்து மீனின் நிலை அப்படியன்று. அது ஏற்கெனவே தன் தாங்கு திறனின் எல்லையை ஒட்டித்தான் வாழ்கிறது. 30 பாகையில் இருக்கும் நீர் 36, 37 ஆனால், நீந்தத் தெரிந்த மடவை விலகிப் போய்விடும். சேற்றிலும் பாறையிலும் ஒட்டி வாழும் சிப்பியும் புழுவும் எங்கே போகும்? அவை போனால் அவற்றைத் தின்று வாழும் நண்டும் கிழங்கானும் அங்கே இரா. கழியை நம்பியிருக்கும் மீனவருக்கோ, நீலகிரி ஓடையில் தூண்டில் போடுபவரைப் போல இது விடுமுறைப் பொழுதுபோக்கு அன்று, அன்றாட உலை.

மாணவர்கள் இதைத் தாங்களே அளந்து பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்து வெப்பமானி ஒன்றும், தக்கை போட்ட கண்ணாடிப் புட்டி ஒன்றும் போதும். புட்டியின் கழுத்தில் கல்லோடு சேர்த்து ஒரு கயிற்றையும், தக்கையில் தனியே மற்றொரு கயிற்றையும் கட்டுங்கள். பெரியவர் ஒருவர் துணையோடு கிணற்றிலோ பாலத்தின் மேலிருந்து கழியிலோ வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, தக்கைக் கயிற்றைச் சுண்டி இழுங்கள். அந்த ஆழத்து நீர் புட்டியில் நிறையும். மேலே தூக்கியதும் காலம் தாழ்த்தாமல் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேல்நீரையும் அளந்து அதன் அருகே எழுதுங்கள். கிணற்றில் சித்திரை நண்பகலில் ஒரு முறையும், மார்கழி விடியலில் ஒரு முறையும் அளக்க வேண்டும். கழியில் வெந்நீர் வந்து சேரும் வாய்க்கு அருகே ஓர் அளவும், அதிலிருந்து விலகிப் போகப்போக நூறு மீட்டருக்கு ஓர் அளவும் எடுத்தால், எந்த இடத்தில் எந்த மீன் கிடைக்கிறது என்று அங்குள்ள மீனவர் சொல்வதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.